டெய்லரின் மூன்று கேள்விகள்

ஒரு மேசையின் மீது அடங்கிவிடும் சிறிய மில்லிங் இயந்திரங்கள் இன்று தனிமனிதர்களும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன. பொழுதுபோக்காக இயந்திரப் பாகங்களைச் செய்து பார்க்க விரும்பும் ஒருவர் அதை வாங்குகிறார். அலுமினியக் கட்டி ஒன்றை வைஸில் இறுக்குகிறார். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டுளியைப் பொருத்துகிறார். அதன்பின் கை தயங்குகிறது. வெட்டுளி நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல வேண்டும்? உலோகத்துக்குள் எவ்வளவு வேகத்தில் முன்னேற வேண்டும்? பட்டறைகளில் முன்னதை ஸ்பீடு என்றும் பின்னதை ஃபீட் என்றும் சொல்வார்கள். ஃபீட் கூடிப்போனால் வெட்டுளி முறிகிறது. குறைந்துபோனால் அது வெட்டாமல் வெறுமனே தேய்த்து, சூடேறி, மழுங்கிப்போகிறது.

இதற்கான எண்ணைக் கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் தந்துவிடும். அந்த எண்ணுக்கு ஒரு நீண்ட முன்வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பவர், நிர்வாகவியல் மாணவர்கள் வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்கும் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். தொழிலாளியின் அருகில் ஸ்டாப்வாட்சுடன் நின்றவர் என்பதே அவரைப் பற்றிய பொதுச் சித்திரம். உலோகத்தை எப்படி வெட்டுவது என்பதை அறிய அவர் 26 ஆண்டுகள் செலவிட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள் மட்டும் வெட்டுளியின் ஆயுளைக் கணக்கிடும் சமன்பாடு ஒன்றில் அவர் பெயரைச் சந்தித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்டாப்வாட்சின் கதையை உலோகச் சீவலின் கதையிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள இயலாது.

1856 மார்ச் 20 அன்று, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரின் ஜெர்மன்டவுனில் வசதியான குவேக்கர் குடும்பமொன்றில் டெய்லர் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாய் அடிமைமுறை ஒழிப்பில் ஈடுபாடு கொண்டவர். மகனும் சட்டம் படிக்க வேண்டும் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் சிறப்பாகத் தேறியும் அவர் அங்கே சேரவில்லை. இரவு நேரப் படிப்பால் கண்பார்வை கெட்டுவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்குப் பதிலாக அவர் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சிறிய பம்பு உற்பத்தி ஆலையில் மாதிரி வடிவமைக்கும் வேலைக்கும் இயந்திர வேலைக்கும் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்தச் சமூக நிலையில் பிறந்த ஓர் இளைஞர் எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியை விரும்பி அணிந்தது அன்று அரிய செயல்தான்.

1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாக நுழைந்தவர், எழுத்தர், லேத் இயக்குநர், குழுத் தலைவர், ஃபோர்மேன் எனப் படிப்படியாக உயர்ந்து, ஆறே ஆண்டுகளில் தலைமைப் பொறியாளர் ஆனார். இடையே ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1883-இல் பொறியியல் பட்டமும் பெற்றார். 1881-இல் அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் போட்டியில் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அந்தப் போட்டியில் அவருக்கு இணையாக ஆடிய கிளாரன்ஸ் கிளார்க்கின் குடும்பத்துக்கு மிட்வேல் ஆலையில் பங்கு இருந்தது. ஆகவே அவருடைய உயர்வுக்கு உழைப்பை மட்டுமே காரணமாகக் காட்டுவது முழு உண்மையாகாது.

குழுத் தலைவரானதும் அவர் முதலில் மோதியது தம்முடன் நேற்றுவரை வேலை செய்த தோழர்களுடன். ஆலையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. யாரேனும் அதிகமாகச் செய்தால் நிர்வாகம் உருப்படிக் கூலியைக் குறைத்துவிடும் என்பது தொழிலாளர்களின் அனுபவம். எனவே நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று தமக்குள் ஓர் அளவை வைத்துக்கொண்டிருந்தார்கள். லேத்தில் நின்றபோது அந்த உடன்பாட்டை டெய்லரும் மீறவில்லை. ஒரு நாளில் செய்யக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் நடக்கிறது என்பது அவருடைய கணிப்பு. பதவிக்கு வந்ததும் அதை மாற்ற முனைந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கசப்பான போராட்டம் நடந்தது.

இயந்திரங்கள் அடிக்கடி உடைந்தன. ஃபோர்மேன் அளவுக்கு மீறி ஓட்டச் சொல்கிறார், அதனால்தான் உடைகிறது என்றார்கள் தொழிலாளர்கள். வேண்டுமென்றே உடைக்கிறார்கள் என்றார் டெய்லர். உடைத்தவருக்கு அபராதம் விதித்தார். வேலை முடிந்து ரயில் பாதையோரமாகத் தனியே வீடு திரும்ப வேண்டாம் என்று நண்பர்கள் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. இறுதியில் அவர் நினைத்தது நடந்தது. ஆயினும் அந்த வெற்றி அவருக்கு நிறைவளிக்கவில்லை. அந்தச் சச்சரவில் எந்தத் தரப்பிடமும் ஒரு எண் இல்லை. இந்த லேத்தில், இந்த எஃகை, இந்த வெட்டுளியால், இவ்வளவு ஆழத்தில் வெட்டும்போது எவ்வளவு வேகம் வரை தாங்கும் என்பது ஃபோர்மேனுக்கும் தெரியாது. தொழிலாளிக்குக் கைப்பழக்கத்தில் தோராயமாகத் தெரியும். அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. எல்லை எங்கே என்று அறியாதவரை, எல்லை மீறப்பட்டதா என்ற வழக்குக்கும் தீர்ப்பு இல்லை.

1880-இல் டெய்லர் ஆலைத் தலைவர் வில்லியம் செல்லர்ஸிடம் சோதனைகளுக்கு அனுமதி கேட்டார். செல்லர்ஸ் இயந்திரக் கருவிகள் செய்வதில் அக்காலத்தில் பெரும்பெயர் பெற்றவர். இதனால் பெரிய பயன் விளையும் என்று அவர் நம்பவில்லை. இருந்தும் பணம் ஒதுக்கினார். 66 அங்குல விட்டமுள்ள செங்குத்துக் கடைசல் இயந்திரம் ஒன்றில், ரயில் எஞ்சின் சக்கரங்களுக்கான ஒரே சீரான கடின எஃகு வளையங்கள் நாள்தோறும் சீவல்களாக வெட்டித் தள்ளப்பட்டன. ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று டெய்லர் எண்ணியிருந்தார்.

தொடக்கத்திலேயே கிடைத்த முடிவு ஒன்று பட்டறை வழக்கத்துக்கு மாறாக இருந்தது. கூரிய முனையுள்ள வெட்டுளியைவிட வளைந்த முனையுள்ள வெட்டுளி அதிக வேகத்தைத் தாங்கியது. மேலும், வேகமாகச் சுழற்றி மெல்லிய சீவலாக எடுப்பதைவிட, வேகத்தைத் தணித்து, ஃபீடைக் கூட்டி, தடித்த சீவலாக எடுத்தால் மொத்தத்தில் அதிக உலோகத்தை அகற்ற முடிந்தது. பின்னாளைய சோதனைகள் இதைச் சமன்பாடாகவே காட்டின. அவர் பயன்படுத்திய வெட்டுளிகளில் வேகத்தை ஏறத்தாழ 9 விழுக்காடு கூட்டினாலே வெட்டுளியின் ஆயுள் பாதியாகிவிடும். ஃபீடைக் கூட்டும்போது ஏற்படும் இழப்பு இந்த அளவுக்குக் கடுமையாக இல்லை.

தண்ணீர் பற்றிய முடிவும் குறிப்பிடத்தக்கது. வெட்டும் இடத்தில் தாராளமாகத் தண்ணீர் பாய்ச்சினால் வேகத்தை 40 விழுக்காடு வரை உயர்த்தலாம் என்று அவர் கண்டார். 1884-இல் மிட்வேலில் புதிய இயந்திரக் கூடம் எழுந்தபோது, துருப்பிடிக்காமலிருக்கச் சோடா உப்புக் கலந்த நீரை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கொண்டுவரும் குழாய்களும் வடிகால்களும் அதன் கட்டமைப்பிலேயே சேர்க்கப்பட்டன. இதை யாரும் மறைத்து வைக்கவில்லை. வந்து பார்த்துச் சென்ற பிற ஆலைக்காரர்கள் நெடுங்காலம் இதைப் பின்பற்றவில்லை என்பதுதான் வியப்பு.

1890-இல் மிட்வேலை விட்டு விலகி, காகித ஆலைகளை நடத்தும் நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் இருந்தார். பின்னர் ஆலோசகராகத் தனித்துத் தொழில் செய்தார். 1898-இல் பெத்லஹேம் எஃகு ஆலை அவரை அழைத்தது. அங்கே உலோகவியலாளர் மான்செல் ஒயிட்டுடன் சேர்ந்து நடத்திய சோதனைகளே அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தன. எஃகு வெட்டுளியைச் செர்ரிப் பழச் சிவப்பு நிறத்துக்கு மேல் சூடேற்றினால் அது கெட்டுவிடும் என்பது கொல்லர்கள் வழிவழியாகப் போற்றிவந்த பாடம். அது ஓரளவுக்கு உண்மையும்கூட. டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகை அந்த எல்லைக்குச் சற்று மேல் சூடேற்றியபோது அது கெடத்தான் செய்தது. ஆனால் அங்கே நிறுத்தாமல், உருகும் நிலையை நெருங்கும்வரை சூடேற்றியபோது, முன்னெப்போதும் இல்லாத உறுதியுடன் திரும்பி வந்தது. வெட்டும் முனை மங்கலான சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும்போதும் அது கூர்மை இழக்கவில்லை. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், சூட்டினால் நீலம் பாரித்த சீவல்கள் சுருண்டு விழ, சிவந்த முனையுடன் அந்த வெட்டுளி தொடர்ந்து வெட்டுவதை ஐரோப்பியப் பொறியாளர்கள் நின்று பார்த்தார்கள். இன்றும் ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது அந்த மரபில் வந்த எஃகுதான். கண்டுபிடிப்புக்குப் பெற்ற காப்புரிமைகள் மட்டும் 1909-இல் நீதிமன்றத்தில் செல்லாதவை ஆயின.

1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த டெய்லர், தலைமையுரையாக உலோகம் வெட்டும் கலை பற்றிய ஆய்வறிக்கையை முன்வைத்தார். அச்சில் அது இருநூறு பக்கங்களைத் தாண்டியது. பதிவு செய்யப்பட்ட சோதனைகள் மட்டும் 30,000-க்கும் 50,000-க்கும் இடையில். சீவலாக்கப்பட்ட உலோகம் 8 லட்சம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 360 டன். செலவு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் டாலர் வரை. இவ்வளவும் ஒரு லேத் இயக்குநர் ஒவ்வொரு வேலையின்போதும் எதிர்கொள்ளும் மூன்று கேள்விகளுக்காக: எந்த வெட்டுளி, என்ன வேகம், என்ன ஃபீட்?

விடையைத் தீர்மானிக்கும் காரணிகள் பன்னிரண்டு என்று அவர் கண்டார். வெட்டப்படும் உலோகத்தின் கடினம், வெட்டுளி எஃகின் தரம், அதன் முனை வடிவம், கோணங்கள், சீவலின் தடிமன், வெட்டின் ஆழம், தண்ணீர் என்று விரியும் அந்தப் பட்டியலில் இரண்டு காரணிகளைத் தனியே சுட்ட வேண்டும். ஒன்று, பொருளும் வெட்டுளியும் வளைந்து கொடுப்பதால் எழும் அதிர்வு. மற்றொன்று, இயந்திரத்தின் இழுவை ஆற்றலும் அதில் அமைந்துள்ள வேக, ஃபீட் படிகளும். பன்னிரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு விடை காண்பது கணித வல்லுநர்களையே மலைக்க வைத்தது. கடைசியில் கார்ல் பார்த் என்ற நார்வே நாட்டுப் பொறியாளர் பெத்லஹேமில் சிறப்பான ஸ்லைடு ரூல் ஒன்றை வடிவமைத்தார். அதை நகர்த்திப் பார்த்தால் அரை நிமிடத்துக்குள் விடை கிடைத்தது. இன்றைய கைப்பேசிச் செயலியின் மூதாதை அதுதான்.

இங்கே நம் சிறிய இயந்திரத்துக்குத் திரும்பலாம். டெய்லரின் சோதனைகள் முதன்மையாகக் கடைசலைப் பற்றியவை. அதில் வெட்டுளி உலோகத்தை விட்டு விலகுவதில்லை. மில்லிங்கிலோ ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்துக்குள் புகுந்து வெளியேறுகிறது. ஆகவே பல் ஒன்றுக்கு எவ்வளவு சீவல் என்பதே அடிப்படைக் கணக்கு. இரண்டு பற்களுள்ள 6 மில்லிமீட்டர் கார்பைடு வெட்டுளி நிமிடத்துக்கு 10,000 சுற்றுகள் சுழல்கிறது. அலுமினியத்தில் பல்லுக்கு 0.03 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும் என்று கொள்வோம். 10,000-ஐ 2-ஆலும் 0.03-ஆலும் பெருக்கினால் ஃபீட் நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் என்று வருகிறது. புதியவர் இதைக் கண்டு அஞ்சி 100 என்று குறைத்து வைப்பார். அப்போது பல்லுக்கு வருவது 0.01 மில்லிமீட்டரைவிடவும் குறைவு. கூரியதாகத் தோன்றும் வெட்டுமுனையே நுண்ணோக்கியில் சில மைக்ரான் வளைவுடன் இருப்பது. அவ்வளவு மெல்லிய சீவலை அதனால் சரியாக எடுக்க முடியாது. உலோகத்தின் மீது தேய்த்துக்கொண்டே போகும். வெப்பத்தைச் சுமந்து வெளியேற வேண்டிய சீவல் உருவாகாததால், சூடு வெட்டுளியிலேயே தங்கும். பாதுகாப்பு என்று எண்ணிக் குறைத்த ஃபீட் வெட்டுளியைக் கொன்றுவிடுகிறது.

அப்படியானால் அட்டவணை சொல்வதை அப்படியே வைத்துவிடலாமா என்றால் அதுவும் ஆபத்து. வெட்டுளி நிறுவனங்களின் அட்டவணைகள் பெரும்பாலும் பல டன் எடையுள்ள, அசையாத தொழிற்சாலை இயந்திரங்களை மனத்தில் கொண்டவை. மேசை இயந்திரத்தின் தூண் வளையும். அதன் மோட்டார் திணறும். டெய்லரின் பட்டியலில் இருந்த அதிர்வும் இழுவை ஆற்றலும் இங்கே மற்றப் பத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. பெரிய இயந்திரத்தில் அதிக உலோகத்தை அகற்ற வேண்டுமென்றால் முதலில் ஆழத்தை, பிறகு ஃபீடை, கடைசியாகத்தான் வேகத்தைக் கூட்டுவது வழக்கம். சிறிய இயந்திரம் அந்த ஆழத்தைத் தாங்காது. அதில் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தால் முதலில் ஆழத்தைக் குறைப்பதே தகும். சத்தமும் நடுக்கமும் தொடர்ந்தால் சுற்றுகளைக் குறைத்து, பல்லுக்கு வரும் சீவலின் தடிமன் கெடாதபடி ஃபீடையும் அதே விகிதத்தில் இறக்கலாம். இந்த முடிவைச் செயலி எடுக்காது. இயந்திரத்தின் அருகே நிற்பவரின் காதும், விழும் சீவலைப் பார்க்கும் கண்ணும் எடுக்க வேண்டியவை இவை.

டெய்லர் தம் முறையில் இதற்குத்தான் இடமளிக்கவில்லை. ஸ்லைடு ரூலைத் தொழிலாளியின் கையில் கொடுக்க அவர் விரும்பவில்லை. அது திட்டமிடும் அறையில் இருந்தது. அங்கிருந்து எழுதி வரும் அறிவுறுத்தல் அட்டையில் வெட்டுளியும் வேகமும் ஃபீடும் குறிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் முன் நிற்பவர் அதன்படி செய்ய வேண்டும். இரும்பை வெட்டும் வேலையிலாவது இதற்கு ஒரு நியாயம் உண்டு. பன்னிரண்டு காரணிகளின் கணக்கை மனக்கணக்காகப் போட எந்தக் கைவினைஞராலும் முடியாது. டெய்லரின் விடைகள் பெரும்பாலும் பழக்கத்தைவிட மேலாகவே இருந்தன. ஆனால் இரும்பில் பெற்ற உறுதியை அவர் மனித உடலுக்கும் கொண்டுபோனார். பெத்லஹேமில் இரும்புக் கட்டிகளைச் சுமந்தவர்கள் நாளுக்குப் பன்னிரண்டரை டன் சுமப்பதற்குப் பதில் நாற்பத்தேழரை டன் சுமக்கலாம் என்று நிறுவியதாக அவர் எழுதினார். நாற்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அந்தக் கதையை அவர் கூறிய விதத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் பலர் ஐயுற்றுள்ளனர். ஐயத்தை ஒதுக்கிவைத்தாலும், சோர்வடையும் மனிதனை மழுங்கும் வெட்டுளியைப் போலக் கணக்கிட முயன்றதே பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டுளியின் ஆயுள் எவ்வளவு என்பதை அறிய அவர் ஆயிரக்கணக்கான வெட்டுளிகளை மழுங்கவிட்டார். சுமை தூக்குபவரின் ஆயுளுக்கு அத்தகைய அட்டவணை எதுவும் அவரிடம் இல்லை.

1901-இல் பெத்லஹேம் நிர்வாகம் அவரை விலக்கியது. அதன்பின் ஊதியத்துக்காக அவர் வேலை செய்யவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் செஸ்ட்னட் ஹில் பகுதியில் மனைவி லூயிஸுடன் வாழ்ந்தார். கோல்ஃப் மட்டைக்கு இரண்டு கைப்பிடி வைத்துப் பார்த்தார். புல்தரை வளர்ப்பதிலும் சோதனைகள் செய்தார். தம் முறையைக் கற்க வருபவர்களுக்கு வீட்டிலேயே நீண்ட நேரம் விளக்கினார். 1911-இல் அறிவியல் நிர்வாகத்தின் கோட்பாடுகள் பற்றிய நூல் வெளிவந்து பல மொழிகளுக்குச் சென்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் ஸ்டாப்வாட்சுடன் ஒருவர் வந்து நின்றதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். நாடாளுமன்றக் கீழவை ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் வில்லியம் வில்சன் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. 1912 ஜனவரியில் டெய்லர் அந்தக் குழுவின் முன் பல நாட்கள் சாட்சியம் அளித்தார். மிட்வேலின் பழைய சச்சரவுகளையும் உலோகச் சோதனைகளையும் விரிவாக எடுத்துரைத்தார். இந்த முறையில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்படுகிறார்கள், தனிமனித அதிகாரம் குறைகிறது என்பது அவர் வாதம். அந்த அளவுகோலை அமைப்பது யார், அது பொருந்தாதபோது அதை மாற்றும் உரிமை யாருக்கு என்று குழுவினர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் லேத்துகள் உடைந்துகொண்டிருந்தபோது எழுந்த வழக்குதான் அது. இப்போது எண் இருந்தது. அந்த எண் யாருடையது என்பது தீராமல் இருந்தது.

1915 மார்ச்சில், அரசுத் தளவாட ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் கொண்டு தொழிலாளரை அளப்பதற்கு நிதி வழங்கக்கூடாது என்று நாடாளுமன்றம் விதித்தது. அப்போது டெய்லர் நிமோனியாவால் ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவமனையில் படுத்திருந்தார். தம் 59-வது பிறந்தநாளுக்கு மறுநாள், மார்ச் 21 அதிகாலையில், தம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் ஒலி அறைக்கு வெளியே கேட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அரை மணி நேரம் கழித்துச் செவிலியர் உள்ளே சென்றபோது அவர் உயிருடன் இல்லை.